சேலம் பக்கம்தான், ஆனாலும் பெங்களூரு: விமானக் கம்பெனிகள் ஓடும் கணக்கு

தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூருக்கு முன்னாலேயே காமலாபுரத்தில் நிறுத்தினால் சேலம் விமான நிலையம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆனால் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிற தர்மபுரிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு நெரிசல், ஹெப்பாள் என்று பெங்களூரு முழுவதையும் கடந்து, நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிற கெம்பேகவுடா விமான நிலையத்துக்குப் போகிறார். விடிகாலை விமானம் என்றால் முந்தின நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

ஆட்கள் இல்லாமல் இல்லை. வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள், ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வந்துபோகிற இன்ஜினியர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் விமானம் ஏறுகிறவர்கள் நிறைய. பிறகு ஏன் விமானம் மட்டும் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறது? எம்.பி.யைத் திட்டுவதற்கு முன்னால், விமானக் கம்பெனி எப்படிப் பிழைக்கிறது என்று பார்த்துவிடலாம். பக்கத்து சீட்டுக்காரர் உங்களைவிட நாலாயிரம் குறைவாகக் கொடுத்துவிட்டு ஹாயாக உட்கார்ந்திருப்பது ஏன் என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

கதவு மூடினால் போச்சு

விமானக் கம்பெனி விற்பது, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் கிளம்பும் ஓர் இருக்கையை. கதவு மூடிய நொடியில், விற்காத இருக்கையின் மதிப்பு பூஜ்யம். நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. ஆனால் அதில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானம் பறக்க ஆகிற செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓர் ஆள் கூடினால் எரிபொருள் கொஞ்சம் கூடும், ஒரு தண்ணீர் பாட்டில் கூடும், அவ்வளவே. இந்தத் தொழிலில் நமக்கு விசித்திரமாகத் தெரிகிற அத்தனையும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

அதனால் இவர்கள் உற்பத்தியை 'இருக்கை கிலோமீட்டர்' என்று அளக்கிறார்கள். 186 இருக்கை உள்ள விமானம் 1,000 கிலோமீட்டர் பறந்தால் 1,86,000 இருக்கை கிலோமீட்டர். அதில் எத்தனை சதவீதத்துக்கு ஆள் கிடைத்தது என்பதுதான் 'லோடு ஃபேக்டர்'. உலக அளவில் 2024-இல் அது 83.5 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. லாபத்தைப் பார்த்தால்தான் சங்கடம். உலக விமான நிறுவனங்களின் சங்கமான அயாட்டா 2025-க்குப் போட்ட மதிப்பீட்டில், ஒரு பயணிக்கு நிகர லாபம் சராசரியாக 7 டாலர் 20 சென்ட். அறுநூறு ரூபாய் சொச்சம். கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம், கடல் தாண்டும் பயணம், தலைக்கு மிஞ்சுவது இவ்வளவு. நாலைந்து வரிசை காலியாகப் போனால் அன்றைய லாபம் முழுக்கக் காலி.

செலவில் பெரியது எரிபொருள். உலக அளவில் மொத்தச் செலவில் கால் பங்கு, விலை ஏறும்போது அதற்கும் மேல். இந்தியாவில் இன்னும் அதிகம். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வராமல் மாநிலங்களின் வாட் வரியிலேயே நிற்பது அதற்கு ஒரு காரணம். பிறகு விமான வாடகை, இன்ஜின் பராமரிப்பு, பைலட் சம்பளம், இறங்கினால் ஒரு கட்டணம், நின்றால் ஒரு கட்டணம், வான்வழியைக் கடந்தால் ஒரு கட்டணம். இந்தியக் கம்பெனிக்கு வரவு பெரும்பாலும் ரூபாயில் வருகிறது, வாடகையும் உதிரிபாகமும் டாலரில் போகிறது. ரூபாய் சரிகிற நாட்களில் அவர்களுடைய கணக்குப் பிரிவில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

வாலில் பெயர் ஒருவருடையது, விமானம் இன்னொருவருடையது

உலகில் பறக்கிற பயணிகள் விமானங்களில் ஏறக்குறைய பாதி வாடகை விமானங்கள். அடுத்த முறை ஏறும்போது கதவு நிலையின் உட்பக்கத்தைக் கவனியுங்கள். பல விமானங்களில் விசிட்டிங் கார்டு அளவுக்கு ஒரு தகடு ஒட்டியிருக்கும். விமானத்தின் உண்மையான உரிமையாளர் பெயர் அதில் இருக்கும். பெரும்பாலும் அயர்லாந்தில் பதிவான ஏதோ ஒரு கம்பெனி. உலகிலேயே பெரிய விமான வாடகை நிறுவனமான ஏர்கேப்பின் தலைமையகம் டப்ளினில் இருக்கிறது. இந்தத் தொழில் அயர்லாந்தில் வேரூன்றியதற்கு முக்கியக் காரணம் டோனி ரயான். 1975-இல் கின்னஸ் பீட் ஏவியேஷன் என்ற வாடகை நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஐரோப்பாவின் மலிவுக் கட்டண ராஜாவான ரயன்ஏர் பெயரில் இருப்பதும் இவர்தான்.

நம் ஊர் இண்டிகோ வளர்ந்ததும் இந்த வழியில்தான். 2005-இல் கையில் ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், விமானம் தயாரிக்கும் ஏர்பஸ்ஸிடம் 100 ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். முதல் விமானம் பறந்தது 2006 ஆகஸ்டில். மொத்தமாக வாங்குகிறவருக்கு விலையில் பெரிய தள்ளுபடி. விமானம் கைக்கு வந்ததும் அதை வாடகை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதே விமானத்தைத் திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொள்வது. தள்ளுபடியில் மிஞ்சிய பணம் கையில், கடன் சுமை தோளில் இல்லை. சில வருடங்களில் வாடகைக் காலம் முடிந்ததும் பழைய விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிது. 2023 ஜூனில் பாரிஸ் கண்காட்சியில் ஒரே மூச்சில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற அளவுக்கு இந்த முறை அவர்களைக் கொண்டுபோனது. அதே வருடம் பிப்ரவரியில் டாடாவின் ஏர் இந்தியா 470 விமானங்களை அறிவித்திருந்தது.

வாடகையில் ஒரு முள்ளும் இருக்கிறது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் மாதம் பிறந்தால் கட்டியாக வேண்டும். கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் நின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கோ ஃபர்ஸ்ட் தன் இன்ஜின் தயாரித்த கம்பெனியைக் கைகாட்டியது. ஆனால் மூன்றிலும் கடைசிக் காட்சி ஒன்று: வாடகைப் பாக்கி, விமானத்தைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நிற்கும் உரிமையாளர்கள்.

தரையில் நின்றால் நஷ்டம்

வாடகை இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்க, வருமானம் வானத்தில் இருக்கும்போது மட்டும்தான். அதனால் மலிவுக் கட்டணக் கம்பெனிகள் ஒரு விமானத்தை நாளுக்கு 12, 13 மணி நேரம் பறக்கவிடப் பார்க்கும். அதற்கு இடையில் தரையில் நிற்கும் நேரத்தைப் பிழிய வேண்டும்.

பெங்களூரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்திருக்கும்போது ஒருமுறை செல்போனை வைத்துவிட்டுப் பாருங்கள். விமானம் வந்து நிற்கும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைப்பார்கள். இன்ஜின் அணைவதற்குள் தரை மின்சாரக் கேபிள் மாட்டப்படும். முன்னும் பின்னும் கதவு திறந்து ஆட்கள் இறங்குவார்கள். இறங்கி முடிவதற்குள் வயிற்றுப் பக்கத்துக் கதவு திறந்து பெல்ட்டில் பெட்டிகள் வர ஆரம்பித்திருக்கும். இறக்கைக்கு அடியில் எரிபொருள் குழாய். பைலட்டில் ஒருவர் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு டயரையும் இன்ஜின் வாயையும் எட்டிப் பார்த்து ஒரு சுற்று வருவார். மலிவுக் கட்டண விமானம் என்றால் உள்ளே குப்பை பொறுக்குவதும் சீட் பெல்ட்டை மடித்து வைப்பதும் விமானப் பணிப்பெண்களே. துப்புரவுக்குத் தனி ஆள் வந்து போகிற ஐந்து நிமிடமும் மிச்சம். எத்தனை பேர், எத்தனை கிலோ, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்கிற தாளில் கேப்டன் கையெழுத்துப் போட்டதும், மூக்குச் சக்கரத்தில் டிராக்டர் மாட்டிப் பின்னால் தள்ளிவிடும். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். உங்களை 25 நிமிடம் முன்னாலேயே வரச்சொல்லி கேட்டை மூடிவிடுகிறார்கள் என்று கோபப்படுவோமே, அந்தக் கோபத்துக்குக் காரணம் இந்த அரை மணி நேரம்தான்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1971-இல் டெக்சாசில் மூன்று ஊர்களுக்கு இடையே தொடங்கிய கம்பெனி. பணமுடையில் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டிவந்தது. நான்கு விமானத்தின் அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டுவது என்று துணிந்தார்கள். அதற்கு ஒரே வழி, இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் கிளப்புவது. கிளப்பிக் காட்டினார்கள். போயிங் 737 தவிர வேறு ரகமே வேண்டாம் என்பதும் அவர்களுடைய கொள்கை. ஒரே ரகம் என்றால் எந்த பைலட்டும் எந்த விமானத்தையும் ஓட்டலாம். பைலட் உரிமம் விமான ரகத்தை ஒட்டியது, 737 ஓட்டுகிறவர் தனிப்பயிற்சி இல்லாமல் ஏ320-இல் உட்கார முடியாது. மெக்கானிக்கும் உதிரிபாகமும் அப்படித்தான். ரயன்ஏர் இதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு படி மேலே போனது. பெரிய நகரத்தின் பெரிய விமான நிலையத்தை விட்டுவிட்டு, தள்ளியிருக்கும் மலிவான சின்ன விமான நிலையத்தில் இறங்குவது, பெட்டிக்கும் இருக்கைத் தேர்வுக்கும் தனித்தனியாகக் காசு வாங்குவது. அவர்களுடைய வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட் அல்லாத இந்தச் சில்லறைகளிலிருந்து வருகிறது. பெட்டிக்குக் காசில்லை என்று பல காலம் பெருமை பேசிய சவுத்வெஸ்ட்டும் 2025-இல் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது.

பிழிவதற்கும் ஓர் எல்லை உண்டு, அது மனிதர்கள். 2025 நவம்பரில் இந்தியாவில் பைலட்டுகளுக்கான புதிய ஓய்வு விதிகளின் இரண்டாம் கட்டம் அமலுக்கு வந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக ஏற்கெனவே உயர்ந்திருந்தது, இப்போது ஒரு பைலட் இரவு நேரத்தில் விமானத்தைத் தரையிறக்கும் எண்ணிக்கையும் சுருங்கியது. இரவு விமானங்களை நம்பி அட்டவணை போட்டிருந்த இண்டிகோ தடுமாறியது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. விமானம் இருந்தது, பயணி இருந்தார், ஓட்டத்தான் ஆள் இல்லை. நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வாரம் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தவர்கள் சொல்வார்கள்.

எல்லா ஊருக்கும் நேர் வண்டி கிடையாது

கிருஷ்ணகிரியில் சென்னை – பெங்களூரு சாலையும், பெங்களூரிலிருந்து சேலம் வழியாகத் தெற்கே போகும் சாலையும் பிரிகின்றன. ஊத்தங்கரையிலிருந்தோ வேப்பனப்பள்ளியிலிருந்தோ எல்லா ஊருக்கும் நேர் பஸ் கிடையாது. கிருஷ்ணகிரி வந்து மாறிக்கொள்கிறோம். விமானத்தில் இதற்கு 'ஹப்' என்று பெயர்.

கணக்காகப் பாருங்கள். பத்து ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 45 தடங்கள் வேண்டும். நடுவில் ஒரு மையத்தை வைத்து, பத்து ஊரையும் அதோடு மட்டும் இணைத்தால் பத்தே தடம் போதும். எங்கிருந்தும் எங்கும் போய்விடலாம், நடுவில் ஒருமுறை மாற வேண்டும். நேர் விமானத்துக்கு ஆள் சேராத ஊர்களுக்கும் இதில் சேவை கொடுக்க முடியும். அமெரிக்காவில் 1978-இல் தடத்தையும் கட்டணத்தையும் கம்பெனிகளே முடிவு செய்யலாம் என்று அரசு விட்டபிறகு இந்த முறை வேகமாகப் பரவியது. டெல்டாவுக்கு அட்லாண்டா, ஜெர்மனியின் லுஃப்தான்சாவுக்கு ஃபிராங்க்ஃபர்ட், சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு அதன் நகரமே நாடு, நாடே ஹப். சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை நினைத்தால் வேடிக்கைதான். அதே கம்பெனி சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை 15,000 கிலோமீட்டருக்கும் மேல், 18 மணி நேரத்தை ஒட்டி ஒரே பறப்பில் போகிறது.

ஹப்பின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் துபாய். 1985 அக்டோபர் 25-இல், பாகிஸ்தான் ஏர்லைன்சிடமிருந்து வாடகைக்கு எடுத்த விமானத்தில் கராச்சிக்குப் பறந்து தொடங்கிய எமிரேட்ஸ், வரைபடத்தில் தான் இருக்கும் இடத்தையே முதலாக்கியது. கிழக்கே இந்தியா, மேற்கே ஐரோப்பா, தெற்கே ஆப்பிரிக்கா. துபாய் விமான நிலையத்தில் நடு இரவில் ஆசியாவிலிருந்து அலை அலையாக விமானங்கள் வந்து இறங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதே ஆட்கள் கலைந்து மாறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்புவார்கள். பெங்களூரிலிருந்து லண்டன் போகிறவரும் டாக்காவிலிருந்து ரோம் போகிறவரும் அந்த இரவில் அங்கே ஒரே வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார்கள். தோகாவில் கத்தார், இஸ்தான்புல்லில் துருக்கி ஏர்லைன்ஸ் இரண்டும் இதே ஆட்டம்தான் ஆடுகின்றன.

இரண்டு மாடி ஏ380-ஐ உலகில் அதிகம் வைத்திருப்பது எமிரேட்ஸ்தான். மற்ற கம்பெனிகளால் அதை நிரப்ப முடியவில்லை. நான்கு இன்ஜின் தீனி, 500 இருக்கை. அதற்குள் போயிங் 787 போன்ற இரண்டு இன்ஜின் விமானங்கள், நடுத்தர நகரங்களுக்கிடையே நேராகவே நெடுந்தூரம் பறக்கிற வசதியைக் கொண்டுவந்துவிட்டன. மொத்தம் 251 விமானங்களோடு 2021-இல் ஏர்பஸ் ஏ380-இன் தயாரிப்பை மூடியது.

அப்படியானால் சேலம்?

சேலம் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர். பயணிகளை நிரப்பிக்கொண்டு ஏ320 சௌகரியமாக ஏறி இறங்க இது போதாது. அதனால் அங்கே வருவது காற்றாடி இன்ஜின் வைத்த ஏடிஆர் 72 ரகம். எழுபது, எண்பதுக்குள் இருக்கைகள். இரண்டு பைலட், ஒரு இறக்கம், ஒரு தரைக் குழு என்கிற செலவை 186 பேருக்குப் பதில் 78 பேர் தலையில் பங்கு போட வேண்டும். இது முதல் சிக்கல்.

இரண்டாவது, ஆட்கள் சிதறியிருப்பது. சேலம், தர்மபுரி, நாமக்கல் மூன்றையும் சேர்த்தால் பயணிகள் உண்டுதான். ஆனால் அவர்கள் போகிற இடம் நாற்பது. ஒரே ஊருக்கு ஒரே நாளில் 78 பேர் சேர்வது சென்னை, ஐதராபாத் போன்ற சில ஊர்களுக்குத்தான். மற்றவர்களை ஹப்புக்குக் கொண்டுபோய்த்தான் பிரித்தனுப்ப வேண்டும். அந்த ஹப் பெங்களூரு என்றால், அங்கே கார் எடுத்துக்கொண்டு நேராகவே போய்விடலாமே என்று நாம் கிளம்பிவிடுகிறோம். நாளுக்கு ஒருமுறை வரும் விமானத்தின் நேரம் துபாய் விமானத்தோடு பொருந்தாவிட்டால் பெங்களூரில் பல மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். பெங்களூரு பஸ்ஸோ பத்து நிமிடத்துக்கு ஒன்று.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் மத்திய அரசு உடான் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிறிய ஊருக்குப் பறக்கிற கம்பெனிக்கு, ஒரு பகுதி இருக்கைகளைக் கட்டண வரம்புக்குள் விற்பதற்கு ஈடாக, நஷ்டத்தின் ஒரு பகுதியை அரசு கொடுக்கும். 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னை – சேலம் தொடங்கியது. கொஞ்ச காலம் ஓடியது, நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் திரும்ப ஆரம்பித்தன. மானியம் மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் தடம் தன் காலில் நிற்கவில்லை என்றால் கம்பெனி விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடும். விமானத்துக்குத் தண்டவாளம் கிடையாது, திருப்புவது மிகச் சுலபம். சின்ன ஊர்களின் நிரந்தரத் துரதிர்ஷ்டம் இது என்பது என் எண்ணம்.

சரி, ஓடுதளத்தை நீட்டிவிட்டால் எமிரேட்ஸ் வந்து இறங்குமா? இறங்காது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானம் சொந்தம். இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசி, எந்த ஊர், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று முடிவு செய்தால்தான் அடுத்த நாட்டு விமானம் வரலாம். இந்தியா – துபாய் இடையே ஒவ்வொரு பக்கத்துக் கம்பெனிகளுக்கும் வாரம் ஏறக்குறைய 66,000 இருக்கை என்பது பத்து வருடத்துக்கு மேலாக மாறாத வரம்பு. துபாய் கூட்டச் சொல்கிறது, இந்தியா யோசிக்கிறது. கூட்டினால் நம் பயணிகள் முழுக்க துபாய் வழியாகவே போய்விடுவார்கள், ஏர் இந்தியாவின் நெடுந்தூர விமானங்களுக்கு ஆள் இருக்காது என்பது தயக்கம். வெளிநாட்டுக் கம்பெனி சென்னையிலிருந்து டெல்லிக்கு ஆள் ஏற்றுவதற்கும் அனுமதி கிடையாது. கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் இதே சட்டம்தான்.

ஓசூருக்குச் சிக்கல் வேறு மாதிரி. பெங்களூரு விமான நிலையத்தைக் கட்டியபோது போட்ட ஒப்பந்தத்தில், அதிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் மைசூரு, ஹாசன் தவிர புதிய விமான நிலையம் வரக்கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. 2008-இல் திறந்ததிலிருந்து 25 வருடம், அதாவது 2033 வரை. ஓசூரில் ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் தமிழக அரசு அறிவித்தது. பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஷரத்தைப் பேசித் தீர்க்காமல் பயணிகள் சேவை நகராது. ஓசூருக்கு ஆள் சேருமா என்ற கேள்வி மட்டும் எழாது. எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறவருக்கே தேவனஹள்ளியைவிட ஓசூர் பக்கம்.

நேற்று ஒன்பது, இன்று பன்னிரண்டு

"ஏங்க, நேத்து பார்த்தப்ப ஒம்பதாயிரம் காட்டுச்சு, இன்னைக்கு பன்னெண்டு. நம்ம ஆத்திர அவசரம் தெரிஞ்சு ஏத்துறாங்களா?" டிக்கெட் போடும் கடைகளில் தினமும் விழுகிற கேள்வி. உங்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நடப்பது வேறு.

ஒரே வகுப்பு, ஒரே இருக்கைதான். ஆனால் கம்பெனி 186 இருக்கையையும் பத்துப் பன்னிரண்டு விலைக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து கொடுத்து வைத்திருக்கும். மிக மலிவான கட்டில் சில இருக்கைகள். அது தீர்ந்தால் அடுத்த கட்டு. முன்கூட்டியே திட்டம் போடுகிறவர் விலை பார்ப்பார், அவருக்கு முதல் கட்டு. நாளைக்கே கிளம்ப வேண்டியவர் விலை பார்க்க மாட்டார், அவருக்காகக் கடைசி வரை சில இருக்கைகளை எடுத்து வைத்திருப்பார்கள். இதைக் கணினியில் கலையாக்கியவர்கள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ். 1985-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கம்பெனியோடு மோத, எல்லா இருக்கையின் விலையையும் குறைக்காமல், காலியாகப் போகும் என்று கணக்கிட்ட இருக்கைகளின் விலையை மட்டும் குறைத்தார்கள். இரண்டு வருடத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் இல்லை.

இதில் நமக்கு ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவுக் கட்டில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்றால், பெரும்பாலும் நான்கையும் மேல் கட்டு விலையில்தான் காட்டும். முதலில் ஒரு ஆளுக்குத் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் இரண்டு இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். வளைகுடாவில் பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டிலும், ஓணம், தீபாவளியை ஒட்டியும் இந்தச் சூட்சுமம் எடுபடாது. அப்போது கீழ்க்கட்டுகளைத் திறப்பதே இல்லை.

சில கம்பெனிகள் 180 இருக்கைக்கு 185 டிக்கெட் விற்பதும் உண்டு. எப்படியும் சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கு. கணக்குத் தப்பி உங்களை ஏற்றாமல் விட்டால், இந்திய விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தர வேண்டும். தராவிட்டால் இழப்பீடு, தாமதத்தைப் பொறுத்து அதிகபட்சம் 10,000 அல்லது 20,000 ரூபாய். கவுண்டரில் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

இருக்கைக்குக் கீழேயும் வருமானம் இருக்கிறது. காதலர் தினத்துக்கு முன் ஓசூர் ரோஜாக்கள் பெங்களூரிலிருந்து வெளிநாடு போவது பயணிகள் விமானங்களின் வயிற்றிலும்தான். உலக விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் போகிறது. கிருஷ்ணகிரி மாங்கூழுக்கு அவசரமில்லை, அது டப்பாவிலும் பீப்பாயிலும் கப்பலில் போகிறது. இன்னொரு வருமானம் கண்ணுக்கே தெரியாது: கிரெடிட் கார்டு வங்கிகளுக்கு 'மைல்' விற்பது, அதாவது பயணி சேர்த்து வைத்துப் பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகள். கொரோனா காலத்தில் விமானங்கள் முடங்கியபோது யுனைடெட்டும் டெல்டாவும் தங்கள் மைல் திட்டத்தை ஈடுகாட்டிப் பல நூறு கோடி டாலர் திரட்டின.

டிக்கெட்டில் பார்க்க வேண்டிய வரி

எந்தக் கம்பெனியும் எல்லா ஊருக்கும் பறக்காது. அதனால் கூட்டணி. ஸ்டார் அலையன்ஸ் 1997-இல், ஒன்வேர்ல்டு 1999-இல், ஸ்கைடீம் 2000-இல் வந்தன. ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டாரில் இருக்கிறது. கூட்டணி இல்லாமலும் இரண்டு கம்பெனிகள் ஒருவர் விமானத்தில் மற்றவர் எண்ணைப் போட்டு விற்கலாம். டிக்கெட்டில் ஒரு பெயர் இருக்க, கீழே சின்ன எழுத்தில் 'இயக்குபவர்' என்று வேறொரு பெயர் இருந்தால் அதுதான் விஷயம். பெட்டி எடை, சாப்பாடு எல்லாவற்றிலும் அந்த இரண்டாவது பெயரின் பழக்கம் நுழையக்கூடும், விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஒரு கம்பெனியிலும், அங்கிருந்து மஸ்கட்டுக்கு வேறொன்றிலும் தனித்தனியாக டிக்கெட் போட்டால் மலிவாக வருவதுண்டு. ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அதில் பொறுப்பே கிடையாது. 'வரவில்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடும், காசும் போகும். பெட்டியையும் பெங்களூரில் எடுத்து, வெளியே வந்து, திரும்ப வரிசையில் நின்று போட வேண்டும். ஒரே பிஎன்ஆரில் முழுப் பயணமும் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. தனி டிக்கெட்தான் என்று முடிவு செய்தால் நடுவில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். மழைக்காலத்தில் ஏடிஆர் விமானம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.